பவளத்துக்கு மருந்து தேடுமுன்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் நெடுஞ்சாலையில், கடற்காற்று மாலை வேளையில் மட்டும் களைத்து வந்து சேரும் தூரத்தில், குண்டாங்குழி மகாதேவர் கோயிலுக்கும் மாட்டுச் சந்தைக்கும் பெயர்போன மதகடிப்பட்டைப் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு, வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை நிறுத்தி, அதில் உப்பு நீரை நிரப்பி, நீல விளக்கை ஏற்றி, அதனடியில் பவளம் வளர்க்க வேண்டும் என்னும் ஆசை ஒருவருக்கு உண்டாகுமானால், அதைப் பரிகசிக்க நான் முன்வரமாட்டேன். அழகான ஜீவன் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது மனித சுபாவம். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளும் கைப்பேசித் திரையில் ஓடும் காட்சிகளும் அந்த ஆசைக்கு நாள்தோறும் நெய் வார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் வாங்கி வந்த சில வாரங்களுக்குள் அந்தப் பவளம் நிறம் மங்கி, விரிந்திருந்த வாய்களை உள்ளிழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் வெளுத்துத் தோன்றும்போது, அதை வாங்கியவர் பதைபதைத்து, 'இதற்கு என்ன மருந்து ஊற்றலாம்?' என்று கடைக்காரரைக் கேட்கிறாரே, அந்தக் கேள்விதான் பிசகானது என்பது என் அபிப்பிராயம். தொட்டிப் பவளத்துக்கு வரும் துன்பங்களில் பெரும்பாலானவை பவளத்தில் தோன்றுவன அல்ல, நீரில் தோன்றுவன. அந்த நீரை ஸ்திரமாக வைத்திருப்பது நம் பிரதேசத்தில் எத்துணைச் சிரமம் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர், பவளத்தை வாங்காமலே விட்டுவிடுவார்.

பவளம் என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் ஒரு பெருங்குடும்பம். கடுகளவும் மிளகளவுமான ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்ந்து, நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சித் தமக்கடியில் கல்லைக் கட்டிக்கொண்டே போகின்றன. அந்தப் பூச்சிகளின் மாமிசத்துக்குள்ளே, கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய வெளிச்சத்தால் உணவு சமைத்துத் தம் வீட்டுக்காரனுக்கு அதன் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் அந்தப் பாசிகளின் நிறமே. உஷ்ணம் மிகுந்தாலும், வெளிச்சம் திடீரென்று மாறினாலும், உப்பின் அளவு குலைந்தாலும் பாசி தன் தொழிலில் தடுமாறிப் பிராணவாயுவை விஷரூபத்தில் வெளிவிடத் தொடங்குகிறது. அதைப் பொறுக்கமாட்டாத பூச்சி பாசியை வெளியேற்றிவிடுகிறது. அப்போது கண்ணாடிபோன்ற மாமிசத்தின் வழியே உள்ளிருக்கும் வெள்ளைக் கல் தெரிகிறது. 1928, 1929ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் முகாமிட்டிருந்த சி.எம். யங் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், பவளங்களை வெப்பத்துக்கு உள்ளாக்கியும் இருட்டில் வைத்தும் பரிசோதித்து, அவை பாசியை உமிழ்ந்துவிடுவதை எழுதிவைத்தார்கள். இன்று மாகடல்களையே கலக்கும் ஒரு வியாதியின் தொடக்ககாலக் குறிப்புகள் அப்பரிசோதனைகளில் கிடைத்தன.

ஆகவே பவளம் நிறம் மாறியதும் முதலில் செய்யவேண்டிய காரியம் உற்றுப் பார்ப்பது. வெளுத்த இடத்தில் மாமிசம் இன்னும் மெல்லிய திரையாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது மாமிசமே உரிந்து வெறும் கல் நிற்கிறதா என்று ஒரு பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால் தெரிந்துவிடும். முன்னது பட்டினியில் இருக்கும் உயிர். காரணம் நீங்கினால் பாசி மீண்டும் குடியேறி நிறம் திரும்பக்கூடும். பின்னது செத்த பகுதி. அதன்மேல் சில நாள்களில் பச்சைப்பாசி படர்ந்துவிடும், அதை எந்தத் திரவமும் உயிர்ப்பிக்காது. மாமிசம் அடியிலிருந்து மெல்ல மெல்ல உரிந்து மேலேறுமானால் நீரின் குணத்தில் ஏதோ ஒன்று நெடுநாளாகப் பிசகியிருக்கிறது என்று ஊகிக்கலாம்; ஓரிரவில் கிளை முழுவதும் உரிந்துபோகுமானால், நலமாக இருக்கும் நுனிகளை ஒடித்து வேறிடத்தில் நட்டுக் காப்பாற்றப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. இவ்விரண்டும் அல்லாமல் பளிச்சென்ற வர்ணம் போய்ப் பழுப்பாக மாறியிருந்தால் அது மரணத்தின் அறிகுறி அன்று. வெளிச்சம் குறைந்தோ, நீரில் கழிவுச் சத்து மிகுந்தோ பாசி பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசங்களை அறியாமல், வெளுத்ததற்கும் பழுப்பானதற்கும் உரிந்ததற்கும் ஒரே சீசாவைச் சாய்க்கிறவர்களே அதிகம்.

நம் ஊர்களைப் பொறுத்தவரை முதற் சந்தேகத்துக்குரியது உஷ்ணமே என்று தயங்காமல் சொல்லலாம். தொட்டிப் பவளங்களை 25 முதல் 27 டிகிரி வரை வைத்திருப்பது வழக்கம். கடலிலேயே, அந்தந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தால் பவளம் வெளுக்கத் தொடங்குகிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் திருபுவனையிலும் கத்திரி வெயிலின்போது ஓட்டு வீட்டுக் கூடமும், அதைவிட மொட்டைமாடியின் கீழுள்ள கான்கிரீட் அறையும், பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அதோடு விளக்கின் சூடும், நீருக்குள் ஓடும் மோட்டாரின் சூடும் சேர்ந்துகொள்கின்றன. காலையில் வெப்பமானியைப் பார்த்துத் திருப்தியடைகிறவர் பிற்பகலிலும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள பேதம்தான் பவளத்தை வருத்துவது. தொட்டியின் மேல் மேசை விசிறி ஒன்றைத் திருப்பிவைத்தால், வறண்ட மேல்காற்று அடிக்கும் நேரத்தில் நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஈரமான கடற்காற்று வந்துவிட்டால் அந்த உபாயம் அவ்வளவு பலிக்காது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வைப்பதே நம்பகமான வழி. ஆனால் அதன் விலை தொட்டியின் விலையையே மிஞ்சிவிடும், மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். மின்தடையில் சூடு ஏறுவதோடு நீரோட்டமும் நிற்பதால், சூடான நீரில் ஏற்கெனவே குறைவாக உள்ள பிராணவாயு மேலும் குறைகிறது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றில்லாமல் இங்கே கடல்நீர்த் தொட்டி வைப்பது சாகசம். வெளுத்த பவளத்தைக் கண்டு பனிக்கட்டியை அள்ளிக் கொட்டுவதும் தவறு. விளக்கின் உக்கிரத்தைக் குறைத்து, நீரோட்டத்தைக் கூட்டி, சூட்டைப் படிப்படியாக இறக்குவதே முறை.

இரண்டாவது, உப்பு. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மாத்திரமே. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கோடையில் விசிறியும் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு விரற்கடை நீர் குறையும்போது, அந்தக் குறையை உப்பு நீரால் ஈடுசெய்கிறவர், தாம் அறியாமலே தொட்டியை உப்பளமாக்கிக்கொண்டிருக்கிறார். குறைந்த அளவுக்கு நல்ல நீரைத்தான் ஊற்றவேண்டும். உப்பு, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம், அடர்த்தி 1.025 அல்லது 1.026 என்ற இடத்தில் நிற்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். நல்ல நீர் என்று நான் சொல்வது போர்வெல் நீரை அன்று. கரும்பும் நெல்லும் விளையும் பூமியின் கிணற்று நீரில் உரத்தின் எச்சமும் மணற்சத்தும் கலந்திருப்பது இயல்பு. அவை தொட்டியில் பழுப்புப் பாசியை வளர்க்கும். ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டி, அதற்கும் மேலே உப்பு நீக்கும் பிசின் வழியாகச் செலுத்திய நீரே உகந்தது. 'எதற்கு இத்தனை ஆரவாரம், வீராம்பட்டினத்தில் கடல் நீரை அள்ளிக்கொண்டு வந்துவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. சங்கராபரணி ஆறு அந்தப் பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கரையோர நீரில் உப்பும் குறைந்திருக்கும், வண்டலும் ஊர்க் கழிவும் கலந்திருக்கும். அதை ஊற்றுவதைவிட உப்பு மிக்ஸ் வாங்கிக் கரைப்பது சிலாக்கியம்.

மூன்றாவது சற்று நுட்பமான விஷயம். கல் கட்டும் பவளம் நீரிலிருந்து சுண்ணாம்பையும் காரத்தன்மையையும் ஓயாமல் எடுத்துக்கொண்டேயிருக்கிறது. கடலில் அந்தச் செலவு கணக்கில் வராது; சிறு தொட்டியிலோ ஒரே வாரத்தில் புலப்பட்டுவிடும். லிட்டருக்குச் சுண்ணாம்புச் சத்து 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,300ஐ ஒட்டி, காரத்தன்மை கடைகளில் விற்கும் டெஸ்ட் கிட்டின் கணக்கில் 7க்கும் 9க்கும் நடுவே என்று வைத்திருப்பார்கள். இந்த எண்களில் எது உத்தமம் என்று வாதாடுவதைக் காட்டிலும், ஏதாவது ஓர் எண்ணில் அசையாமல் நிற்பதே பிரதானம். காரத்தன்மை 6க்கு இறங்கிவிட்டது என்று கண்டதும் ஒரே இரவில் 9க்கு ஏற்றுகிறவர், இறக்கத்தால் வருந்திய பவளத்தை ஏற்றத்தால் கொன்றுவிடுகிறார். ஒரு நாளைக்கு ஓர் எண்ணுக்கு மேல் ஏற்றக்கூடாது. இன்னொரு விசித்திரமும் உண்டு. குளிர்சாதன அறையில் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு மனிதர்கள் மூச்சுவிட, அந்தக் கரியமிலவாயு நீரில் கரைந்து பி.எச். இறங்கிவிடுகிறது, அதற்கு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருப்பவரின் வீட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

வெளிச்சத்தின் தீங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பழைய விளக்கை மாற்றி எல்.இ.டி. பொருத்திய மறுவாரமே பவளம் வெளுக்குமானால் குற்றவாளியை வேறெங்கும் தேட வேண்டாம். விளக்கைப் பாதி உக்கிரத்தில் தொடங்கிச் சில வாரங்களில் ஏற்றியிருக்க வேண்டும். இதைவிடக் கவனிக்கப்படாதது பட்டினி. நீர் ஸ்படிகம்போல் இருக்கவேண்டும் என்னும் பக்தியில் ஸ்கிம்மரையும் வடிகட்டியையும் ஓயாமல் ஓட்டி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக இல்லாமற் செய்துவிடுகிறார்கள். பாஸ்பேட் அறவே இல்லாத நீரில் பவளம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் இன்னும் எளிதில் தோற்கிறது என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் என்று செம்புச் சத்துள்ள மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றுவது பவளத்துக்கு நேரான விஷம். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்கவேண்டும். அண்டைவீட்டுச் சண்டையும் உண்டு: சில ஜாதிப் பவளங்கள் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை வீசிப் பக்கத்துப் பவளத்தைப் பொசுக்கிவிடும், ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால், விளக்கணைந்த பின் ஒரு கைவிளக்கோடு போய்ப் பார்ப்பவர் காரணத்தைக் கண்டுகொள்வார்.

இத்தனை காரணங்களையும் அறிந்தவருக்கும் இடறும் இடம் ஒன்றுண்டு. வெப்பத்தைக் குறைத்து, விளக்கை மாற்றி, நீரைப் பாதி மாற்றி, பவளத்தை இடம் பெயர்த்து, மேலும் மூன்று திரவங்களை ஊற்றி, எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்துவிட்டு அவர் உறங்கப் போகிறார். பவளம் பிழைத்தால் எதனால் பிழைத்தது என்றும் தெரியாது, மடிந்தால் எதனால் மடிந்தது என்றும் தெரியாது. முதலில் வெப்பம், உப்பு, காரத்தன்மை என்ற மூன்றையும் அளந்து ஒரு நோட்டில் குறிக்கவேண்டும். பத்துச் சதவீத நீரை, அதே சூட்டிலும் அதே உப்பிலும் தயாரித்த புதுநீரால் மாற்றவேண்டும். ஒன்றைத் திருத்திச் சில நாள் காத்திருந்து பிறகு அடுத்ததைத் தொடவேண்டும். கடல் பெரிதாக இருப்பதால் மெதுவாக மாறுகிறது. அந்த மெதுவுக்குப் பழகிய பிராணி அது.

இதெல்லாம் சாத்தியமா என்றால், சாத்தியமே. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழையும் மட்டுமே துணையாகக் கொண்டு தொட்டிகளில் பவளம் வளர்த்ததை உலகுக்கு எழுதினார். ஆனால் அவர் ஊரில் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது. பவளக் கடலும் பக்கத்தில் இருந்தது. நம் சென்னைக் கடற்கரையில் 1909இல் திறந்து, இரண்டாம் உலக யுத்தம் வரை ஜனங்கள் வியந்து பார்த்த மீன் காட்சிசாலையும் சமுத்திரத்துக்கு எதிரேதான் நின்றது. மதகடிப்பட்டின் சித்திரை வைகாசியில், கடல் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, மின்சாரத்தை நம்பி இந்த விரதத்தை நடத்துவது வேறு விஷயம்.

சாத்தியம் என்பதோடு நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது. எனக்கு இதுவே பெரிது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், கல் கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளமும், கடல்விசிறிகளும் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. பட்டியல் அந்த இனம் முழுவதையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. முதலாம் அட்டவணைப் பிராணியைப் பிடித்தாலோ விற்றாலோ தண்டனை மூன்றாண்டிலிருந்து ஏழாண்டு வரை சிறை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அபராதம் குறைந்தபட்சம் 25,000 ரூபாய். வெளிநாட்டுப் பவளம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்பாரும் உளர். கல் கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவுயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்திலும் அடங்கியவை. ஏற்றுமதி செய்யும் தேசத்தின் அனுமதிப் பத்திரமில்லாமல் அவை எல்லை தாண்டவே கூடாது.

இந்தச் சட்டம் காரணமில்லாமல் வரவில்லை. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீண்டுகிடக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுகள், சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கார்பைடு தொழிலுக்கும் வீட்டு அஸ்திவாரங்களுக்குமாகப் பவளப் பாறைகளை உடைத்துப் படகு படகாகக் கரையேற்றினார்கள். அலையைத் தடுத்த அரண் போனதும் பூவரசன்பட்டித் தீவும் விலங்குச்சல்லித் தீவும் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. வான் தீவும் கரைந்து சிறுத்ததால் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்க நேர்ந்தது. மறுபுறம் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளக் கிளைகளைக் கட்டி நட்டு வளர்த்துவந்தார்கள். அந்த முயற்சிகளுக்கு நடுவே 2010லும் 2016லும் கோடை வெப்பம் மிஞ்சிப் பவளங்கள் வெளுத்து மடிந்தன. 2024 ஏப்ரலில், உலகக் கடல்கள் நான்காம் முறையாகப் பரவலான வெளுப்புக்கு உள்ளாகிவிட்டன என்று அமெரிக்கக் கடல் நிர்வாகம் அறிவித்தது. கூடத்துத் தொட்டியில் நாம் விசிறியைத் திருப்பியும் சில்லரை முடுக்கியும் சமாளிக்கும் அதே ஓரிரு டிகிரிதான் அங்கே ஒரு முழுக் கடற்பரப்பைச் சுடுகிறது. அப்படிப்பட்ட வேளையில், எஞ்சியிருக்கும் ஒரு கிளையை ஒடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, மே மாதத்து மதகடிப்பட்டுக்கு அனுப்புவதை அலங்காரம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மாட்டுச் சந்தையில் ஒரு கறவை வாங்க வரும் விவசாயி பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, எந்த ஊர் மாடு, எத்தனையாவது ஈற்று என்று விசாரித்த பின்னரே விலையைப் பற்றி வாய் திறக்கிறார். அவரைவிடப் பல மடங்கு படித்தவர்கள், பவளம் எந்தக் கடலில் பிறந்தது, யார் எடுத்தார்கள், பத்திரம் எங்கே என்ற மூன்று கேள்விகளையும் கேளாமல் நிறத்தை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரரும் சொல்வதில்லை. வண்ணமீன் விற்கும் ஒவ்வொரு கடையிலும், பவளம் முதலாம் அட்டவணைப் பிராணி என்று தமிழில் ஒரு பலகை தொங்கவேண்டும் என்று வனத்துறை உத்தரவிடுவதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. அறியாமல் வாங்கியவரைப் பின்னர் பிடித்துத் தண்டிப்பதைவிட இது இலகு.

கடலின் ஒரு துளியை வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பவருக்கு வழி இல்லாமற் போகவில்லை. நமக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும், மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு பொரித்து வளர்க்கும் வித்தையை நெடுநாள் முன்பே கைவரப் பெற்றன. தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது. ஓரிரு டிகிரி வெப்பத்தையும் சிறு உப்புப் பேதத்தையும் பவளத்தைவிட நன்றாகத் தாங்கும். அதை வாங்குவதால் கடலில் ஒன்றும் குறைவதில்லை. முழு வருஷம் ஒன்று, கத்திரியும் ஐப்பசி மழையும் உட்பட, அந்த நீரை அளந்து குறித்து ஸ்திரமாக வைத்திருந்தவருக்கு நீரின் சாஸ்திரம் முழுவதும் கைவந்துவிடும். பவளம் இல்லாததை ஒரு குறையாக அவர் நினைப்பார் என்று நான் கருதவில்லை.

மதகடிப்பட்டிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் இந்த விருப்பமுள்ள அன்பர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: பவளம் வாங்காதீர்கள், யாரேனும் விற்க வந்தால் பத்திரத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், நோயுற்றது என்று அதை ஊசுட்டேரியிலோ வீராம்பட்டினக் கடலிலோ கொட்டிவிடாமல், புதுச்சேரி வனத்துறையினரிடம் தெரிவித்து அவர்கள் சொல்லும் வழியில் நடந்துகொள்ளுங்கள். அதுவரையில் தொட்டிக்கு மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம், வெப்பமானியை மட்டும் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள்.